கட்டுரைக்கு முன் துண்டுத் தாள்

கட்டுரை எழுதும் முன், குறிப்புகளை ஒரே தாளில் அடுக்காமல், ஒரு துண்டுத் தாளுக்கு ஒரு கருத்து என்று எழுதி மேசையில் பரப்புங்கள். வரிசை பிடித்த பிறகு எழுதத் தொடங்குங்கள்.

ஒரே தாளில் முதலில் வந்த கருத்தே கட்டுரையிலும் முதலில் நின்றுவிடும், துண்டுகளோ நகரும். இலங்கையின் மலையகம் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியதை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால வரிசையில், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை தேயிலை பயிரிட்டது முன்னே வரும். 1869இல் கோப்பியில் கண்டறியப்பட்ட இலைநோய் பின்னே வரும். "ஏன் மாறியது?" என்பது வினாவானால் நோய்தான் முதல் துண்டு. டெய்லர் அதற்குப் பிறகுதான், மாற்றுப் பயிர் ஏற்கெனவே கைவசம் இருந்ததற்குச் சான்றாக. ஒப்பிடச் சொன்னால் இரு நிரையாக வையுங்கள்: கோப்பிக்குப் பருவகால அறுவடை, எதிரே தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிப்பு. எதிர்த்துண்டு இல்லாத கருத்து உடனே கண்ணில் படும். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் சுட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பரீட்சை மண்டபத்தில் துண்டுத் தாளுக்கு இடமில்லை. குறிப்புகளின் ஓரத்தில் இலக்கமிட்டால் போதும். தோட்ட நிர்வாகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ எழுதும் கடிதத்துக்கு இது எதுவும் வேண்டாம்: கோரிக்கை முதல் வரியில், காரணம் அதன் பின்.