முதல் முறை டெல்லி போகிறீர்களா? இரண்டு நாள் சுற்றுலாவைத் திட்டமிடும் முறை

டெல்லிக்கு இரண்டு நாள் போய்வருபவர்களில் பாதிப் பேர் முதலில் எழுதுவது இடங்களின் பட்டியல்: செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், லோட்டஸ் டெம்பிள், அக்‌ஷர்தாம், ஹுமாயூன் சமாதி, முடிந்தால் ஆக்ராவும். போய் இறங்கிய பிறகுதான் ஒன்று பூட்டியிருப்பதும், இன்னொன்று ஊரின் மறுகோடியில் இருப்பதும் தெரிகிறது. அதனால் வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் கிழமை, அடுத்து மெட்ரோ தடம், கடைசியில்தான் இடங்கள். இந்த வரிசையில் போட்டால் இரண்டு நாளில் எட்டு இடங்களை மூச்சுவாங்காமல் பார்க்கலாம்.

1. கிழமையையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், லோட்டஸ் டெம்பிள், அக்‌ஷர்தாம் நான்குக்கும் அன்றுதான் விடுமுறை. குதுப் மினாரும் ஹுமாயூன் சமாதியும் எல்லா நாளும் திறந்திருக்கும். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பழைய டெல்லியின் கடைவீதியான சாந்தினி சௌக்கில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் இருக்காது. இத்தனையையும் வைத்துப் பார்த்தால் சனி, ஞாயிறு இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன: சனிக்கிழமை பழைய டெல்லி, ஞாயிற்றுக்கிழமை தெற்கு டெல்லி. தலைகீழாகப் போட்டால் பழைய டெல்லியில் மூடிய ஷட்டர்களைத்தான் பார்ப்பீர்கள்.

மாதங்களில் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடியும் வரை மிக நல்லது. நவம்பரில் காற்று மாசு கண்ணை எரிக்கும்; ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை மூடுபனி. ரயில் பல மணி நேரம் தாமதமாகும், விமானமும் தள்ளிப்போகும். இரண்டு நாள் பயணத்தில் ஆறு மணி நேரத்தை இழந்தால் ஒரு நாளில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். மே, ஜூன் வெயில் 45 டிகிரியைத் தொடும். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முந்தைய சில நாட்கள் பாதுகாப்புக்காகச் செங்கோட்டையை மூடிவிடுவார்கள். அந்த வாரங்களில் டிக்கெட் எடுக்காதீர்கள்.

2. போகும் வண்டி

சென்னையிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள். ரயில் என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். வியாழன் இரவு 10 மணிக்குச் சென்ட்ரலில் ஏறினால் சனிக்கிழமை காலை 7 மணி வாக்கில் புது டெல்லி. திரும்பும் வண்டி ஞாயிறு இரவு 9 மணி வாக்கில் கிளம்பி, செவ்வாய் காலை சென்னை வந்துவிடும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

புது டெல்லி நிலையத்துக்கு இரண்டு வாசல். முதலாம் பிளாட்பாரப் பக்கம் பஹார்கஞ்ச், பதினாறாம் பிளாட்பாரப் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோ நிலையம் இருப்பது அஜ்மேரி கேட் பக்கம். முதல் முறை வருபவர்கள் கூட்டத்தோடு பஹார்கஞ்ச் பக்கம் இறங்கி, அங்கே நிற்கும் தரகர்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். “உங்கள் ஹோட்டல் இருக்கும் தெரு மூடிவிட்டது”, “உங்கள் டிக்கெட் கேன்சல் ஆகிவிட்டது, சுற்றுலா அலுவலகத்துக்கு வாருங்கள்” என்று யார் சொன்னாலும் நிற்காமல் நடங்கள். “நஹி சாஹியே” (வேண்டாம்) என்ற இரண்டு சொல் போதும்.

விமானத்தில் போனால் டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பாருங்கள். டெர்மினல் 3-இலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ இருபது நிமிடத்தில் புது டெல்லி நிலையத்தில் விட்டுவிடும். டெர்மினல் 1-க்கு மெஜந்தா தடத்தில் தனி நிலையம் உண்டு. இரண்டு டெர்மினலுக்கும் இடையே பல கிலோமீட்டர் தூரம் என்பதால், மாறிப் போனால் விமானத்தையே விட நேரும்.

3. தங்குமிடம்

எங்கே தங்கினாலும் மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்க வேண்டும். கரோல் பாக் பகுதியைப் பரிந்துரைக்கலாம். நீலத் தடத்தில் இருக்கிறது, நடுத்தர வாடகையில் அறை கிடைக்கும், தென்னிந்தியச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். பஹார்கஞ்ச் மலிவு, ஆனால் குடும்பத்தோடு வருபவர்களுக்கு இரவில் அந்தச் சந்துகள் சிரமம். கன்னாட் பிளேஸ் வசதி, விலை அதிகம். ஏரோசிட்டி அழகாக இருந்தாலும் ஊரை விட்டு வெகுதூரம்.

காலை 7 மணிக்குப் போய் நின்றால் அறை தரமாட்டார்கள். செக்-இன் பெரும்பாலும் மதியம் 12-க்கு மேல். பையை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையிலும் வைக்கலாம், ஆனால் பூட்டுப் போட்ட பையை மட்டுமே எடுப்பார்கள். அதற்காக ஒரு சிறு பூட்டு கையில் இருக்கட்டும்.

4. மெட்ரோ, ஆட்டோ

மெட்ரோதான் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. கட்டணம் தூரத்துக்கு ஏற்ப 11 ரூபாயிலிருந்து 64 ரூபாய் வரை. ஸ்மார்ட் கார்டு வாங்கினால் ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சதவீதம் குறையும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டைத் தேய்த்து இரண்டு பேர் உள்ளே போக முடியாது. கைபேசியில் கியூஆர் டிக்கெட்டும் எடுக்கலாம். இறங்கும் இடத்திலும் அதையே காட்ட வேண்டும் என்பதால் பேட்டரியைக் கவனியுங்கள். வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். ஆண்கள் அவசரத்தில் ஏறினால் அபராதம்.

நிலையத்திலிருந்து கடைசி ஓரிரு கிலோமீட்டருக்கு ஆட்டோ. மீட்டர் கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11 ரூபாய். “மீட்டர் சே சலோகே?” (மீட்டர்படி வருவீர்களா?) என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் செயலியில் காட்டும் தொகையைச் சொல்லிப் பேசுங்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறுமுன் சொன்ன தொகை ஆளுக்கா, வண்டிக்கா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருபவை.

5. சனிக்கிழமை: பழைய டெல்லி, மாலையில் புது டெல்லி

காலை 8 மணிக்கு ஜாமா மஸ்ஜித். வயலட் தடத்தில் அதே பெயரில் நிலையம் உண்டு. ஷாஜகான் கட்டியது, 1656-இல் முடிந்தது. கால்சட்டை முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போக முடியும். வெயில் ஏறிவிட்டால் முற்றத்துச் செங்கல் நிறக் கல் தோசைக்கல்லாகச் சுடும். ஒரு ஜோடி காலுறை பையில் இருந்தால் காப்பாற்றும். தொழுகை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அங்கிருந்து நடந்தே செங்கோட்டை. 9.30-க்குத் திறக்கும்போது வாசலில் இருங்கள். பதினோரு மணிக்கு வந்தால் பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். கோட்டை 1639-இல் தொடங்கி 1648-இல் முடிந்தது. லாஹோரி கேட் வழியாக நுழைந்தால் கூரை போட்ட கடைவீதி, பிறகு திவான்-இ-ஆம் (பொதுமக்களைச் சந்தித்த மண்டபம்), அதற்குப் பின்னால் பளிங்கில் திவான்-இ-காஸ் (முக்கியமானவர்களுக்கான தனி மண்டபம்). இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தொல்லியல் துறை இடங்கள் எல்லாவற்றிலும் வாசலில் உள்ள கியூஆர் பலகையை ஸ்கேன் செய்தே டிக்கெட் எடுக்கலாம். கவுன்ட்டரைவிடச் சற்று மலிவு, வரிசையும் இல்லை. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

கோட்டை வாசலுக்கு நேர் எதிரே தொடங்குவது சாந்தினி சௌக். ஃபதேபூரி மசூதி வரை ஒன்றேகால் கிலோமீட்டர் சொச்சம். பகல் முழுக்க மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, நிம்மதியாக நடக்கலாம். வழியில் சீஸ் கஞ்ச் குருத்வாரா. தலையை மூட வேண்டும், துணி அங்கேயே தருவார்கள். பராட்டாக் கடைச் சந்தான பராட்டேவாலி கலியில் சாப்பிடுவதானால் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பராட்டாக்கள் தோசைக்கல்லில் சுடுபவை அல்ல, நெய்ச் சட்டியில் பொரிப்பவை. இரண்டு பேருக்கு இரண்டு வகை வாங்கிப் பகிர்ந்தால் போதும். ஆளுக்கு மூன்று சாப்பிட்டுவிட்டால் மதியத் திட்டம் முழுக்கப் படுத்துவிடும்.

வீதியின் கடைசியில் காரி பாவ்லி, மசாலா மொத்தச் சந்தை. இதைத் தவறவிடாதீர்கள். மூட்டை மூட்டையாக மிளகாய், சுக்கு, மஞ்சள், பாதாம், உலர் அத்தி. சுமைக்காரர்கள் மிளகாய் மூட்டையோடு கடந்து போகும் ஒவ்வொரு முறையும் வீதியே சேர்ந்து இருமும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு போங்கள். மிளகாய் நெடி பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். ஏலக்காய், பாதாம் வாங்குவதானால் கால் கிலோவாகக் கேளுங்கள், விலையை நாலு கடையில் விசாரித்த பிறகு.

மதியம் 2 மணிக்கு லால் கிலா (செங்கோட்டை) நிலையத்தில் வயலட் தடம் ஏறி சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்குங்கள், வண்டி மாற வேண்டாம். அங்கிருந்து தேசிய அருங்காட்சியகம். மாலை வரை இருக்கலாம், ஆனால் எல்லாக் கூடத்தையும் பார்க்க முயலாதீர்கள். இரண்டு கூடம் போதும். ஒன்று ஹரப்பா: மொகஞ்சதாரோவில் கிடைத்த நடனப் பெண் அங்கே இருக்கிறாள். படங்களில் பார்த்துப் பெரிதாக நினைத்திருப்பீர்கள். உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். இடது கை முழுக்க வளையல், வலது கை இடுப்பில், முகவாய் சற்றே தூக்கி. கண்ணாடிக்கு மூக்கை ஒட்டினாற்போல் நின்று பாருங்கள். இன்னொன்று செப்புத் திருமேனிகள் கூடம்: நம் சோழர் கால நடராசர் அங்கே நிற்கிறார்.

வெளியே வந்து கர்த்தவ்ய பாதையில் கிழக்கே நடந்தால் இந்தியா கேட், 42 மீட்டர் உயரம். விளக்கு போட்ட பிறகு பார்க்க வேண்டிய இடம். பகலில் போய் வெயிலில் வாடாதீர்கள். அதன் பின்னால் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகம்.

6. ஞாயிற்றுக்கிழமை: தெற்கே

அறையைக் காலி செய்து, பையை வரவேற்பில் வைத்துவிட்டு அல்லது சிறு பையாக இருந்தால் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். இரவு டெர்மினல் 1-இலிருந்து விமானம் என்றால் தோளில் போட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். பைக்காக ஊரின் நடுவுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

ஹுமாயூன் சமாதி சூரிய உதயத்துக்கே திறக்கும். 7 மணிக்குப் போய்விடுங்கள். ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி ஆட்டோ. தாஜ்மகாலுக்கு அறுபது ஆண்டு மூத்த கட்டடம் இது. தாஜின் வடிவத்துக்கு முன்னோடி. காலை வெயில் கல் சல்லடை வழியாக விழுந்து தரையில் நட்சத்திரக் கோலம் போடுவது எட்டு மணி வாக்கில் தெரியும், அதற்காகவே அந்த நேரம். மேலே தெரியும் பளிங்குக் கல்லறை வெறும் அடையாளம்தான். உண்மையான கல்லறை அதற்கு நேர் கீழே அடித்தளத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே சுந்தர் நர்சரி, பிள்ளைகள் ஓடியாடவும் கட்டிச் சோறு பிரிக்கவும் ஏற்ற தோட்டம்.

பத்தரை மணிக்கு அதே வயலட் தடத்தில் கால்காஜி மந்திர். லோட்டஸ் டெம்பிள் நடை தூரம். 1986-இல் திறந்த பஹாய் மதத்தின் வழிபாட்டுத் தலம், 27 பளிங்கு இதழ்கள். உள்ளே பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஞாயிறு வரிசை நீளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று தோன்றினால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். இந்தக் கட்டடத்தின் அழகு பெரும்பாலும் வெளியேதான்.

கால்காஜியிலேயே மெஜந்தா தடம் ஏறி ஹவுஸ் காஸில் மஞ்சள் தடத்துக்கு மாறி, குதுப் மினார் நிலையம். அங்கிருந்தும் ஆட்டோதான், நடந்தால் அரை மணி. கோபுரம் 72.5 மீட்டர். 1981-இல் உள்ளே நெரிசலில் 45 பேர் இறந்ததிலிருந்து மேலே ஏற விடுவதில்லை. ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முற்றத்தில் உள்ள இரும்புத் தூண் 7 மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, ஆயிரத்து அறுநூறு ஆண்டு மழையில் நின்றும் துருவேறி உதிரவில்லை. காரணம் இரும்பில் உள்ள மிகுதியான பாஸ்பரஸ்; அது மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உண்டாக்குகிறது என்று விளக்கியவர் கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். இரண்டு கையையும் பின்னால் கோத்துத் தூணை அணைக்கும் பழைய வழக்கம் வேலி போட்டதோடு நின்றது. கைகள் தேய்த்த இடம் மட்டும் இன்னும் தனி நிறத்தில் பளபளக்கிறது.

7. எதை விடுவது

அக்‌ஷர்தாமை இந்த இரண்டு நாளில் சேர்க்க வேண்டாம். அதற்கே அரை நாள் வேண்டும். கைபேசி, கேமரா, பை எதையும் உள்ளே விடுவதில்லை, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். அப்படியும் போவதானால், உள்ளே பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வையுங்கள். ஆக்ராவும் அப்படித்தான். அதிகாலை சதாப்தி ரயிலில் போய் இரவு திரும்பும் ஒரு முழு நாள் வேலை அது. மூன்றாவது நாள் இருந்தால் மட்டும்.

இந்தத் திட்டப்படி நுழைவுச்சீட்டும் மெட்ரோவும் சேர்ந்து ஒருவருக்கு ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது. ஆட்டோ, சாப்பாடு, அறை தனி.

8. ஞாயிறு மாலை

குதுப்பிலிருந்து 5 மணிக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும். ஹவுஸ் காஸில் மறுபடி மெஜந்தா தடம் பிடித்து முனிர்கா அல்லது வசந்த் விஹாரில் இறங்கினால், ஆர்.கே.புரம் மலை மந்திர் ஆட்டோ தூரத்தில். சிறு குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி. டெல்லித் தமிழர்கள் எழுப்பிய கோயில், 1973-இல் குடமுழுக்கு கண்டது. மாலைப் பூஜை முடிந்து இறங்கி அதே தடத்தில் ஏறினால் நேராக டெர்மினல் 1. டெர்மினல் 3 என்றால் கோயிலிலிருந்தே வாடகைக் கார் பிடித்துவிடுங்கள். ரயிலில் திரும்புபவர்கள் மலை மந்திரை விட்டுவிட்டு, குதுப் மினாரிலிருந்து மஞ்சள் தடத்தில் நேரே புது டெல்லிக்கு வர வேண்டும். இடையில் அறைக்குப் போய்ப் பையை எடுக்க ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்து, 8 மணிக்கெல்லாம் அஜ்மேரி கேட் வாசலில் இருங்கள்.