சிங்கப்பூர் இரவு ரேஸும் ஊர் சுற்றலும்: ஜோடியாக ஆண்டுதோறும் போய்வர ஒரு திட்டம்

ஃபார்முலா ஒன் கார் பந்தயமான சிங்கப்பூர் கிராண்ட் பிரீ இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்கும். ஊர் சுற்றலையும் கார் பந்தயத்தையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைக்கும் கணவன் மனைவிக்கு இதைவிடத் தோதான ரேஸ் இல்லை. பகலில் ஊரைப் பார்க்கலாம், சாயங்காலம் எம்ஆர்டி ரயில் ஏறினால் நேரே சர்க்யூட் வாசல். ஆளைக் கவிழ்ப்பதும் இதே வசதிதான். பகலையும் நிரப்பி இரவையும் நிரப்புகிறவர்கள் ஞாயிறு இரவு முப்பதாவது சுற்றில் இருக்கையிலேயே தூங்கி வழிவார்கள். பகலுக்கு ஒரே ஒரு பகுதி, மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு விட்டுவைப்பது: இந்தப் பயணம் சலிக்காமல் தொடர இது போதும்.

தேதி, டிக்கெட்

2008 செப்டம்பர் 28 அன்று இங்கே நடந்ததுதான் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவு ரேஸ். 2020, 2021 தவிர எல்லா ஆண்டும் நடந்திருக்கிறது. 2028 வரை ஒப்பந்தம் இருக்கிறது. நெடுங்காலம் செப்டம்பரில் நடந்தது, இப்போது அக்டோபருக்கு நகர்ந்துவிட்டது. 2026இல் அக்டோபர் 9 முதல் 11 வரை, அதுவும் சிங்கப்பூரின் முதல் ஸ்பிரின்ட் (முக்கிய ரேஸுக்கு முன் நடக்கும் குட்டி ரேஸ்) வார இறுதி. அதாவது வெள்ளிக்கிழமையே ஸ்பிரின்ட்டுக்கான தகுதிச்சுற்று வந்துவிடும். வழக்கமான ஆண்டுகளில் வெள்ளி வெறும் பிராக்டீஸ்தான், விட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஸ்பிரின்ட் ஆண்டில் வெள்ளியை விடாதீர்கள்.

சர்க்யூட் நான்கு ஸோன்களாகப் பிரிந்திருக்கிறது. ஸோன் 1 பிட் கட்டடமும் (கார்கள் டயர் மாற்ற வரும் இடம்) முதல் வளைவுகளும் உள்ள பக்கம். ஸோன் 4 படாங் மைதானப் பக்கம். பெரிய இசை நிகழ்ச்சிகள் அங்கேதான். விலை குறைந்த ஸோன் 4 வாக்அபவுட் டிக்கெட்டில் இருக்கை கிடையாது, மற்ற ஸோன்களுக்குள் நுழையவும் முடியாது. இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு பிட் பக்கம் போக நினைத்து வாசலில் திரும்புகிறவர்கள் ஏராளம். பிரீமியர் வாக்அபவுட் நான்கு ஸோனுக்கும் செல்லும், ஆனால் அதிலும் நின்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் முறை போகிறவர்களுக்கு ஸோன் 4 வாக்அபவுட் போதும். ஊர், ரேஸ், பாட்டு மூன்றும் ஒரே டிக்கெட்டில் பிடிபடும். உங்கள் இருவரில் யாருக்கு எது பிடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இரண்டாம் முறை இருக்கைக்குப் பணம் போடுங்கள். டர்ன் 1, டர்ன் 2 (முதல் இரண்டு வளைவுகள்) கிராண்ட்ஸ்டாண்டுகளில் தொடக்க நெரிசல் கண்ணெதிரே நடக்கும். நேர்ச்சாலையில் முழு வேகத்தில் வந்து டர்ன் 7இல் பிரேக் மிதிக்கும் இடத்தைப் பார்க்க ஸ்டாம்ஃபர்ட் கிராண்ட்ஸ்டாண்ட். படாங் கிராண்ட்ஸ்டாண்டில் கார் கண்சிமிட்டும் நேரத்தில் கடந்துவிடும். ரேஸ் பைத்தியங்களுக்குப் பொருமலாக இருக்கும், கச்சேரிப் பிரியர்களுக்கு அதுதான் சரி. ஒருவருக்கு மட்டும் ரேஸ் ஆர்வம் என்றால் ஒருவருக்கு மூன்று நாள், மற்றவருக்கு ஞாயிறு மட்டும் என்று வாங்குவதில் குற்றமொன்றும் இல்லை. கட்டாயப்படுத்தி மூன்று இரவும் உட்கார வைத்தால் அடுத்த ஆண்டு பயணமே இருக்காது.

பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டுமானால் இரண்டு டிக்கெட்டையும் ஒரே முறையில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கிவிட்டுப் பிறகு சேர்த்துத் தரச் சொன்னால் நடக்காது.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. கூடவே எஸ்ஜி அரைவல் கார்டு என்ற இணையப் படிவத்தை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

எங்கே தங்குவது

மெரினா பே ஓட்டல்களில் அந்த வாரம் அறை விலை எகிறிவிடும். ஜன்னலிலிருந்து டிராக் தெரியும் அறை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அறைக்குள் இருந்தபடி நீங்கள் பார்க்கப்போவது டிவியைத்தான். லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். டவுன்டவுன் லைனில் லிட்டில் இந்தியாவில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், அடுத்து புரோமனாட்: மூன்றாவது நிறுத்தத்தில் ஸோன் 1 பக்க வாசல். ஸோன் 4 டிக்கெட்டென்றால் சிட்டி ஹால் நிலையம் கிட்ட. ரேஸ் முடிந்து ரயிலில் கூட்டம் தாங்கவில்லை என்றால் படாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே வந்துவிடலாம், இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அகாலத்தில் சோற்றுக்கு அலைய வேண்டாம் என்பது கூடுதல் லாபம்.

டாக்ஸியை நம்ப வேண்டாம். சர்க்யூட் என்பது ஊரின் பொதுச் சாலைகள்தான். புதன்கிழமையே மூடத் தொடங்கி, செவ்வாய் காலைதான் முழுதாகத் திறக்கிறார்கள். அந்த வாரம் மெரினா பே சுற்றி எந்த வண்டியும் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும்.

கடிகாரத்தை மாற்றாதீர்கள்

டிரைவர்கள் இந்த வாரம் முழுக்க ஐரோப்பிய நேரத்திலேயே வாழ்கிறார்கள்: விடியற்காலையில் படுத்து மதியம் எழுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கும் அதே உத்தி பலிக்கும். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே இரவு ஒன்றரை என்றால் உடம்புக்கு பதினொன்று. அங்கே காலை ஒன்பது என்றால் உடம்புக்கு ஆறரை. ஆகவே ஊர் நேரத்துக்கு மாற முயலாமல் ஒன்றரைக்குப் படுத்து ஒன்பதுக்கு எழுங்கள். ஏழு மணிக்கு ஓட்டல் காலை உணவுக்காக எழுந்து ஓடினால் அன்றைய இரவு போச்சு.

நாள் இப்படி அமையும். பத்து மணிக்கு வெளியே. ஒரு மணிக்குள் அந்தப் பகுதியை முடித்து, சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்கு அறை. நாலு மணி வரை ஏசியில் படுத்திருக்க வேண்டும். இந்த ஓய்வைத் தாண்டிப் போகிறவர்கள்தான் சாயங்காலம் தலைவலியோடு உட்கார்ந்திருப்பவர்கள். நாலே முக்காலுக்கு வாசல். வழக்கமான ஆண்டில் வெள்ளி, சனி இரண்டு நாளும் முதல் அமர்வு ஐந்தரைக்கு, அடுத்தது ஒன்பதுக்கு; ஸ்பிரின்ட் ஆண்டில் இந்த நேரங்கள் மாறும்.

வெயில் இறங்கிய பிறகும் முப்பது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், காற்றில் ஈரம் வேறு. காருக்குள் டிரைவர் ஒரே ரேஸில் மூன்று கிலோ வரை எடை இழப்பது இங்கே சகஜம். 2025இல் அதிக வெப்ப அபாயம் என்று ஃபார்முலா ஒன்னை நிர்வகிக்கும் எஃப்ஐஏ முதன்முறையாக அறிவித்ததும் இந்த ரேஸுக்குத்தான். பார்வையாளர்களுக்கும் வியர்வை ஆறாக ஓடும். மெல்லிய பருத்திச் சட்டை, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ, உப்பு-சர்க்கரைப் பொடி இரண்டு பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஸோன் 1இலிருந்து படாங் மேடைக்குக் கூட்டத்தோடு நடந்தால் அரை மணி ஆகிவிடும், இருட்டில் காலை மிதிப்பார்கள்.

மழைக்குக் குடை உதவாது. இருக்கையில் விரித்தால் பின்னால் இருப்பவர் சும்மா விடமாட்டார். இரண்டு பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாங்கிப் பையில் போடுங்கள். 2022இல் மழையால் தொடக்கமே ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. ரேஸ் முடியும்போது பதினொன்று தாண்டிவிட்டது. அதனால் திங்கள் விடியற்காலை விமானம் போடாதீர்கள். ரேஸ் தாமதமானால் கச்சேரியும் தாமதம், எல்லாம் சேர்ந்து உங்கள் தூக்கத்தில்தான் கழியும். திங்கள் இரவு விமானம் என்றால் நிம்மதி.

உள்ளே போன் சிக்னல் திணறும். பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். “மேடைப் பக்கம்” என்பது இடமல்ல, அங்கே பல்லாயிரம் பேர் நிற்பார்கள். வாசல் எண், கிராண்ட்ஸ்டாண்ட் படிக்கட்டு எண் மாதிரி எண் உள்ள இடமாக இருக்க வேண்டும். பவர் பேங்க் ஒன்று கட்டாயம்.

ரேஸில் என்ன பார்ப்பது என்று புதியவருக்கு ஒரு வரி. 2023இல் தடத்தைத் திருத்தி 4.94 கி.மீ., 19 வளைவு, 62 சுற்று என்று ஆக்கினார்கள். சுவர் ஒட்டியே இருப்பதால் சின்னத் தவறும் கார் நொறுங்குவதில்தான் முடியும். உடனே மற்ற கார்களை மெதுவாக்கி முன்னால் ஓடும் சேஃப்டி கார் வரும். 2008 முதல் 2023 வரை சேஃப்டி கார் வராத ரேஸே இங்கே இல்லை, 2024இல்தான் முதன்முறையாக வரவில்லை. 2012இல் டர்ன் 18 சுவரில் மோதி சேஃப்டி காரை வரவழைத்தவர்களில் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஒருவர். அந்த வளைவு இப்போது இல்லை. ஆக, சேஃப்டி கார் வந்ததும் எழுந்து சாப்பிடப் போகாதீர்கள். யார் டயர் மாற்ற பிட்டுக்குள் வருகிறார், யார் வராமல் டிராக்கிலேயே ஓடுகிறார் என்பதில்தான் ரேஸின் முடிவு பெரும்பாலும் இருக்கிறது.

ஊரைப் பகுதி பகுதியாக

ஓர் ஆண்டுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் நாலைந்து ஆண்டு தாங்கும்.

முதல் ஆண்டு லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம். தங்குமிடமே அங்கே என்பதால் அலைச்சல் இல்லை. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தையில் சாப்பாடு, பிறகு இந்திய மரபுடைமை நிலையம். அது திங்களன்று திறக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரேஸ் வருவதால் பல ஆண்டுகளில் சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரமும் பார்க்கக் கிடைக்கும்.

இரண்டாம் ஆண்டு சைனாடவுன், தெலுக் ஆயர். 1827இல் நாராயண பிள்ளை எழுப்பிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு நடை சாத்துவதால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கிருந்து நடந்தால் தெலுக் ஆயர் தெருவில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1820களின் இறுதியில் கட்டிய நாகூர் தர்கா, சற்றுத் தள்ளித் தியான் ஹோக் கெங் சீனக் கோயில். மதியச் சாப்பாட்டுக்கு லாவ் பா சாட் உணவுச் சந்தை.

மூன்றாம் ஆண்டு பச்சை. தாவரவியல் பூங்கா, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நுழைய காசில்லை, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். மழை பெய்தால் கார்டன்ஸ் பை த பேயின் இரண்டு கண்ணாடிக் கூடங்கள். உள்ளே குளுகுளு என்று இருக்கும் என்பதால் மதிய ஓய்வில் ஒரு மணி நேரம் வெட்டியாலும் உடம்பு மன்னிக்கும். புலாவ் ஊபின் தீவுக்குப் போக ஆசை வரும். ரேஸ் நாளில் வேண்டாம், திங்களுக்கு வையுங்கள்: சாங்கி முனைப் படகு பன்னிரண்டு பேர் சேர்ந்த பிறகுதான் கிளம்பும், நேரம் உங்கள் கையில் இல்லை.

சர்க்யூட்டுக்குள்ளேயே இருப்பவற்றுக்குத் தனி நாள் தேவையே இல்லை. ஐந்தரை மணி அமர்வுக்கும் ஒன்பது மணி அமர்வுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். பலர் அதை பீர் வரிசையில் கழிப்பார்கள். ஸோன் 4 டிக்கெட் இருந்தால் எம்பிரஸ் பிளேஸ் போய் டல்ஹௌசி தூணைப் பாருங்கள். 1850இல் நிறுத்தியது, ஆங்கிலம், சீனம், ஜாவியோடு (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. பிறகு கன்னாட் டிரைவ் ஓரம் எஸ்பிளனேட் பூங்கா. 1943 ஜூலையில் நேதாஜி படைமரியாதை ஏற்றது பக்கத்துப் படாங்கில்தான். அந்த இந்திய தேசிய ராணுவத்துக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தை 1945இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். இருந்த இடத்தை 1995இல் வைத்த பலகை சொல்கிறது. கூடாரங்களுக்கும் வேலிகளுக்கும் நடுவே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரேஸில் ஆர்வமில்லாதவருக்கும் அந்த மாலை வீண் போகாது.

ஞாயிறு மட்டும் பகல் திட்டம் எதுவும் வைக்காதீர்கள். சாப்பாடு, தூக்கம், ஆறு மணிக்குள் உள்ளே. ரேஸ் முடிந்ததும் சில பகுதிகளில் டிராக்குக்குள் இறங்க விடுவார்கள். அறிவிப்பு வரும்வரை வேலியைத் தொடக்கூட வேண்டாம். 2015இல் ரேஸ் நடக்கும்போதே டிராக்கில் நடந்தவருக்கு ஆறு வாரச் சிறை கிடைத்தது. இறங்கினால் கீழே கிடக்கும் ரப்பர் துணுக்குகளை ஷூவோடு சேர்த்து அறைக்குக் கொண்டுவராதீர்கள், தரைவிரிப்பில் ஒட்டினால் ஓட்டல்காரர் பில் போடுவார்.

திங்களன்று விமானத்துக்குக் கிளம்பும் முன் எந்த இருக்கை, எந்தப் பகுதி பார்த்தாயிற்று என்று போனில் இரண்டு வரி குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான சலுகை விலை டிக்கெட் முதலில் தீர்ந்துபோகும். விற்பனை திறக்கும்போது இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து விவாதிக்க நேரம் இருக்காது.