மாட்டிக்கொண்டு நிற்பவர் காதுக்கு: அட்வெஞ்சர் கேம் இசை அமைப்பதும் குழுவில் பகிர்வதும்

பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வெஞ்சர் கேமில் ஒருவர் ஒரு அறையில் எவ்வளவு நேரம் இருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. சாவி எங்கே என்று பட்டென்று பிடித்தவர் 2 நிமிடத்தில் கிளம்பிவிடுவார். பிடிபடாதவர் பையில் இருக்கும் கயிறு, கரண்டி, மீன் எல்லாவற்றையும் அலமாரி மேல் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டு 40 நிமிடம் அங்கேயே நிற்பார். உங்கள் டிராக் ஒரு நிமிட லூப் (முடிந்ததும் தானே மறுபடி தொடங்கும் இசை) என்றால் அவர் அதை 40 தடவை கேட்கிறார். அவருக்காகத்தான் இசை எழுத வேண்டும். கீழே வரும் முடிவுகளில் பாதி இந்த ஒரு காரணத்தால் வருபவை.

எடுத்துக்காட்டுகள் அட்வெஞ்சர் கேம் ஸ்டுடியோவை, அதாவது ஏஜிஎஸ்ஸை, வைத்து. பிரிட்டனின் கிறிஸ் ஜோன்ஸ் 1997-இல் வெளியிட்ட இலவச எஞ்சின், அதாவது கேம் செய்யும் மென்பொருள், இது. பிறகு மூல நிரலும் திறந்துவிடப்பட்டது. இதில் கேம் செய்பவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குக்காகச் செய்பவர்கள். படம் வரைபவர் ஒரு நாட்டில், ஸ்கிரிப்ட் எழுதுபவர் வேறொரு நாட்டில், எல்லோரும் வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்காருபவர்கள். அதனால் பகிரும் முறை சரியில்லை என்றால் நல்ல இசையும் பாதியிலேயே நின்றுவிடும்.

முதலில் பட்டியல்

கதை முழுவதையும் கேட்காதீர்கள், அறைப் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஐந்து விவரம் போதும்: எந்த மாதிரி இடம், எத்தனை புதிர், குரல் பதிவு உண்டா அல்லது எழுத்து மட்டுமா, இசை சுற்றிச் சுற்றி வர வேண்டுமா அல்லது ஒருமுறை மட்டுமா, கதவுக்கு அந்தப் பக்கம் எந்த அறை.

12 அறை என்றால் 12 டிராக் இல்லை. 3 அல்லது 4 லூப், ஒரு டைட்டில் இசை, ஒரு முடிவிசை, புதிர் அவிழும்போது வரும் 3 குட்டி இசைத் துணுக்கு, அவ்வளவுதான். தெருவும் காடும் காற்றுச் சத்தத்தோடும் பூச்சிச் சத்தத்தோடும் இருக்கட்டும். இசை இல்லாத அறை ஒன்றிரண்டு இருந்தால்தான் இசை உள்ள அறைக்குள் நுழைவது தெரியும். ஒரே மாதத்தில் கேமை முடிக்க வேண்டிய ஏஜிஎஸ்காரர்களின் மேக்ஸ் போட்டிக்கு என்றால் 2 லூப், 2 துணுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் வாரம் 8 டிராக் தருவதாக ஒப்புக்கொள்பவர் நான்காவது வாரம் தலையைக் காட்ட மாட்டார்.

நாலு சுரம்

பெரிய மெட்டு வேண்டாம். நாலைந்து சுரத்தில் ஒரு சின்னப் பிடி போதும், அதையே கேம் முழுவதும் வேஷம் மாற்றிக் காட்டலாம். உதாரணத்துக்கு ச, க2, ரி2, ப. மேற்கத்தியர் டோரியன் என்று சொல்லும் அளவுகோலுக்கும் நம் கரஹரப்பிரியாவுக்கும் சுரங்கள் ஒன்றேதான், அதில் எடுத்த பிடி இது. துறைமுக அறையில் பியானோ தனியாக, சுரத்துக்கு இரண்டு தட்டு, சாவகாசமாக. மதுக்கடையில் அதே நாலு சுரம் அக்கார்டியனில், தட்டுக்கு ஒன்றாக. ஆபத்து வரும் காட்சியில் முதல் மூன்றைத் தொடாமல், கடைசி ப-வை மட்டும் அரைச் சுரம் இறக்கி ம2 ஆக்குங்கள். அளவுகோலுக்கு வெளியே இருக்கும் அந்த ஒரு சுரம் போதும், கேட்பவருக்கு இடம் சரியில்லை என்று தெரிந்துவிடும். மெட்டு பழகியதாக இருப்பதால்தான் அந்தக் கோணல் உறைக்கிறது.

லூப்பின் கடைசியில் ச-வில் வந்து உட்காரக் கூடாது. அப்படி முடித்தால் பாட்டு முடிந்துவிட்டது என்று காது நினைக்கும், அடுத்த நொடி மறுபடி தொடங்கும்போது ‘ஓ, திரும்பவுமா’ என்றாகும். ப-விலோ ரி-யிலோ தொங்கவிட்டால் முதல் பாரின் (தாளத்தின் ஒரு ஆவர்த்தனத்தின்) ச வந்து அதைத் தாங்கிக்கொள்ளும்.

நீளத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 தட்டு), பாருக்கு நாலு தட்டு என்றால் ஒரு பார் சரியாக 2.5 நொடி. 48 பார் போட்டால் 2 நிமிடம். இதில் மெட்டு 1 முதல் 8 வரையும் 25 முதல் 32 வரையும் மட்டும். மற்ற இடத்தில் அடித்தளமும் மெதுவாக மாறும் கார்டுகளும் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்). கடைசி 4 பாரில் ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம். தனித்துத் தெரியும் ஒலி எதையும் லூப்பில் ஒரே ஒருமுறை வைக்காதீர்கள். 1:10-இல் ஒரு மணி ‘டிங்’ என்றால், மாட்டிக்கொண்டவர் அந்த மணியை வைத்தே எத்தனையாவது சுற்று என்று எண்ணத் தொடங்கிவிடுவார். மணி வேண்டும் என்றால் ஒழுங்கில்லாத இடைவெளியில் நாலைந்து தடவை வரட்டும். அல்லது இசையிலிருந்து எடுத்துவிட்டுத் தனிச் சத்தமாகக் கொடுங்கள், எஞ்சின் அதை எப்போதாவது அடிக்கட்டும்.

தையல் தெரியாமல் லூப்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. 48 பாரை ரெண்டர் செய்தால் (ஒலிக் கோப்பாக மாற்றினால்) கடைசிச் சுரத்தின் ரிவெர்ப் வால், அதாவது எதிரொலியின் மிச்சம், 2:00-க்குப் பிறகும் நீளும். அங்கே வெட்டினால் வால் அறுந்து, லூப் திரும்பும்போது அறையே சட்டென்று காய்ந்துபோன மாதிரி கேட்கும். வெட்டாமல் விட்டால் சுற்றுக்குச் சுற்று சில நொடி தாளம் தவறும்.

தீர்வு சுலபம். இசை மென்பொருள் ரீப்பரோ எல்எம்எம்எஸ்ஸோ எதுவானாலும் 48 பாரையும் நகலெடுத்துப் பின்னால் ஒட்டி 96 பார் ஆக்குங்கள். 4 நிமிடமும் ரெண்டர் செய்யுங்கள். ஒலியை வெட்டி ஒட்டும் மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்து 2:00 முதல் 4:00 வரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். முதல் சுற்றின் வால் இப்போது கோப்பின் தொடக்கத்திலேயே படிந்திருக்கும், முடிவோடு அது பொருந்திவிடும். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு அளவீடு) வீதத்தில் கோப்பின் நீளம் சரியாக 52,92,000 சாம்பிள் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு ஆயிரம் கூடக் குறைய இருந்தால் வெட்டிய இடம் தப்பு. நீளம் சரியாக இருந்தும் ‘டிக்’ கேட்டால் கோரஸ் போன்ற சுழலும் எஃபெக்ட் இரண்டு சுற்றிலும் வேறு வேறு நிலையில் நின்றிருக்கும். இணையும் இடத்தில் 5 முதல் 10 மில்லிநொடி கிராஸ்ஃபேட் (ஒன்று அடங்க மற்றொன்று எழும் கலப்பு) போட்டால் போய்விடும்.

எம்பி3-ஆக எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட சட்டங்களாக (ஃபிரேம்) பிரிக்கிறது. தொடக்கத்தில் என்கோடர் கொஞ்சம் வெறுமையைச் சேர்க்கும், கடைசிச் சட்டம் நிறையாவிட்டால் அங்கேயும் சேர்க்கும். ஒரு சட்டமே 26 மில்லிநொடி. டிரம் உள்ள லூப்பில் இது ஒவ்வொரு சுற்றிலும் விக்கல் மாதிரி கேட்கும். ஓஜிஜி வோர்பிஸ் சரியான நீளத்தைக் கோப்பிலேயே குறித்து வைப்பதால் இந்தத் தொல்லை இல்லை. தரம் 4 என்று வைத்தால் சுமார் 128 கேபிபிஎஸ், 2 நிமிடத்துக்கு 2 எம்பிக்குள் அடங்கும். இதே நீளம் ஸ்டீரியோ வேவ் கோப்பில் 21 எம்பி.

மிடியை (ஒலி இல்லாமல் சுரங்களின் குறிப்பு மட்டும் உள்ள கோப்பை) அப்படியே கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏஜிஎஸ் மிடியை வாசிக்கும், ஆனால் வயலினாக நீங்கள் நினைத்தது கேட்பவர் கணினியில் ஹார்மோனியமாக வரலாம். மாட்யூல் வகை (எக்ஸ்எம், ஐடி) என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, வாத்தியம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. பழைய 320 × 200 பிக்சல் தோற்றத்துக்கு, மாட்யூல் செய்யும் மென்பொருளான ஓபன்எம்பிடியில் செய்த டிராக் அழகாகவே பொருந்தும்.

சத்த அளவை முதல் நாளே பேசிவிடுங்கள். லூப்கள் சராசரி மைனஸ் 18 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல். துணுக்குகள் லூப்பைவிட அதிகபட்சம் 3 டெசிபெல் கூட. குரல் பதிவு இருந்தால் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபெல் குறையுங்கள். வார்த்தையின் தெளிவு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

ஏஜிஎஸ்ஸுக்குள்

இதை ஸ்கிரிப்ட் எழுதுபவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்காதீர்கள். உங்கள் இசையைக் கெடுக்கும் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

முதல் தவறு: இரண்டு அறைக்கும் ஒரே டிராக், ஆனால் ஒவ்வொரு அறையின் தொடக்கத்திலும் ‘பிளே’ கட்டளை. கதவைத் திறக்கும்போதெல்லாம் இசை முதலிலிருந்து தொடங்கும். சேனலில் (எஞ்சின் ஒரு ஒலியை ஓட்டும் தடத்தில்) இப்போது ஓடும் கிளிப் எது என்று முதலில் பார்த்து, வேறு கிளிப்பாக இருந்தால் மட்டும் பிளே செய்யச் சொல்லுங்கள். அதற்கென்று சேனலிலேயே ‘பிளேயிங் கிளிப்’ என்ற பண்பு இருக்கிறது.

இரண்டாவது: வெற்றித் துணுக்கை மியூசிக் வகையில் சேர்ப்பது. அந்த வகைக்கு வழக்கமாக ஒரே சேனல்தான், அதனால் துணுக்கு வந்ததும் பின்னணி அடங்கிவிடும். துணுக்கைச் சவுண்ட் வகைக்கு மாற்றுங்கள். அதில் ச, ப இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் மேஜர் லூப்போ மைனர் லூப்போ, ஆதாரச் சுருதி ஒன்றாக இருக்கும்வரை எதன் மேலும் உட்காரும்.

மூன்றாவது அடுக்கிசை: கார்டு, டிரம், மெட்டு என மூன்று கோப்பையும் ஒன்றாக ஓடவிட்டு, தேவைக்கேற்ப ஒன்றின் சத்தத்தை ஏற்றி இறக்குவது. இதற்கு 3 சேனல் உள்ள புது ஆடியோ வகை ஒன்றை உருவாக்க வேண்டும். மூன்றும் ஒரே நீளம், ஒரே நேரத்தில் தொடக்கம், வேண்டாததற்கு சத்தம் 0. ஆனால் எஞ்சின் இவற்றைச் சாம்பிள் கணக்கில் பூட்டி வைப்பதில்லை, சில மில்லிநொடி விலகல் வரலாம். அதனால் தாள வாத்தியம் எல்லாம் ஒரே அடுக்கில் இருக்கட்டும். இரண்டு அடுக்கில் ஒரே டிரம் அடித்தால் விலகல் அப்பட்டமாகக் கேட்கும்.

சத்தத்தை ஏற்றுவது சின்னக் கணக்கு. கேம் தன் கட்டளைகளை வழக்கமாக நொடிக்கு 40 சுற்று ஓட்டும், சத்தம் 0 முதல் 100 வரை. சுற்றுக்கு ஒன்றாக ஏற்றினால் 2.5 நொடியில் முழுச் சத்தம், அதாவது நம் 96 பிபிஎம்மில் சரியாக ஒரு பார். இந்த வரிகளை ‘ரிபீட்டட்லி எக்ஸிக்யூட்’ என்பதில் எழுதினால் கட்ஸீன் (ஆடுபவர் கை வைக்க முடியாத கதைக் காட்சி) ஓடும்போது ஏற்றம் பாதியில் உறைந்துவிடும், அந்த நேரத்தில் அது இயங்காது. பெயரின் கடைசியில் ‘ஆல்வேஸ்’ உள்ளதில் எழுதுங்கள்.

பகிர்வது

முழு டிராக்கை முடித்துவிட்டுக் காட்டுவது கெட்ட பழக்கம். 30 நொடி, பியானோ மட்டும், இரண்டு மூன்று மாற்று: அ, ஆ, இ. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘துறைமுகத்துக்கு அ-வா, ஆ-வா? வேகம் கூடுதலா?’ என்று கேளுங்கள். தனியாகக் கேட்க விடாமல், அறையின் படத்தைப் போட்டு அதன் மேல் இசை ஓடும் வீடியோவாகவோ கேமிலேயே சேர்த்தோ கொடுங்கள். தனியாகக் கேட்கும்போது ‘ரொம்ப வெறுமையா இருக்கே’ என்று சொல்பவர் படத்தோடு பார்த்தால் சொல்ல மாட்டார்.

கருத்துச் சொல்பவருக்கும் ஒரு முறை உண்டு. நேரம், காதில் விழுந்தது, அதனால் என்ன கெடுகிறது. ‘0:42-இல் வரும் வயலின், கதவு கிறீச்சிடுவதை மூடிவிடுகிறது’ என்றால் அமைப்பவருக்கு வேலை தெரியும். ‘வயலினை செல்லோ ஆக்குங்க’ என்பது தீர்வு, அதை அவரிடமே விடுங்கள்.

யாராவது ‘மங்க்கி ஐலண்ட் 2 மாதிரி வேணும்’ என்று நிச்சயம் கேட்பார்கள். அதில் எது என்று திருப்பிக் கேளுங்கள்: வாத்தியமா, வேகமா, இடம் மாறும்போது இசையும் வழுக்கிக்கொண்டு மாறுவதா? 1991-இல் வந்த அந்த கேமுக்கு மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐமியூஸ் என்ற அமைப்பையே தனியாகக் கட்டினார்கள். அதில் ஓடியது மிடி, அதாவது சுரங்களின் குறிப்பு, அதனால் எந்தத் தட்டிலும் கிளை பிரிய முடிந்தது. ஓஜிஜி பதிவான ஒலி. அடுக்கிசையும் கிராஸ்ஃபேடும்தான் அதில் கைக்கு எட்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மூன்றாவது வாரம் மனஸ்தாபம் வராது.

கோப்புப் பெயரில் அறை, பிபிஎம், சுருதி, வெர்ஷன் நான்கும் இருக்கட்டும்: துறைமுகம்_96_டி_வெ03 என்கிற மாதிரி. கேமுக்குள் போகும் கோப்புக்கு மட்டும் வெர்ஷன் எண் வேண்டாம். பெயர் மாறினால் ஸ்கிரிப்டிலும் மாற்ற வேண்டியிருக்கும். ‘ஃபைனல்’ என்று எதற்கும் பெயர் வைக்காதீர்கள், பின்னாலேயே ‘ஃபைனல்2’ வரும்.

உரிமத்தை முதல் ஸ்கெட்ச்சோடு எழுதிக் கொடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸில் பெயர் சொன்னால் போதும் என்ற உரிமம் பெரும்பாலும் சரிப்படும். ‘வணிகத்துக்கு அல்ல’ என்று போட்டால் குழு பிற்பாடு கேமைச் சிறு தொகைக்கு விற்க நினைக்கும்போது உங்கள் டிராக்தான் தடையாக நிற்கும். ‘மாற்றக் கூடாது’ என்று போட்டால் லூப்பை வெட்டவும் முடியாது. வாங்கிய சாம்பிள் லூப்களை (பிறர் பதிவு செய்து விற்கும் ஒலித் துண்டுகளை) பயன்படுத்தியிருந்தால் இன்னும் கவனம்: பாட்டுக்குள் வைக்க அனுமதி இருக்கும், தனித்தனி அடுக்காகப் பிரித்துக் கொடுக்க பல நேரம் இருக்காது. அடுக்கிசை செய்யும்போது சில அடுக்கில் அந்த சாம்பிள் மட்டுமே மிஞ்சி நிற்கும், அங்கே மாட்டுவீர்கள்.

தேர்வாகாத ஆ, இ இரண்டையும் அழிக்க வேண்டாம். அவை முழுக்க உங்கள் கையால் ஆனவை என்றால் சிசி0 (எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் குறி) போட்டு, பிபிஎம்மும் சுருதியும் குறித்து, எல்லோரும் எடுக்கும் இடத்தில் வையுங்கள். இசையமைப்பாளர் கிடைக்காமல் ஒற்றை ஆளாக கேம் செய்பவர்கள் முதலில் தேடுவது இந்த மாதிரி 30 நொடித் துண்டுகளைத்தான்.