சங்கு, காசிங், ஒரு பிடி பயறு: எதிர்ப்பொருளை வீட்டு மேசையில் சொல்லிக்கொடுப்பது எப்படி

பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம் என் வீட்டு முன்கூடத்தில் படிவம் ஆறு பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். எதிர்ப்பொருள் (ஒவ்வொரு துகளுக்கும் நிறை ஒன்றாகவும் மின்னூட்டம் போன்ற குணங்கள் நேரெதிராகவும் உள்ள எதிர்த்துகள்களால் ஆனது) என்றதும் பிள்ளைகள் பிரபஞ்சம் தோன்றிய கதைக்கே தாவிவிடுவார்கள். அங்கே தொடங்காதீர்கள். பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் முதலில் கைக்குள் வர வேண்டும். கதை அப்புறம் தானாக வரும்.

தேவையானவை: நின்ற நிலையிலும் படுத்த நிலையிலும் வைக்கக்கூடிய ஒரு கண்ணாடி, நன்றாகச் சுற்றும் ஒரு பம்பரம் (இங்கே நாம் காசிங் என்போம்), பென்சில், ஒரு சாதாரணச் சங்கு, அரை டம்ளர் பச்சைப்பயறு, தோல் நீக்காத ஓர் உளுந்து, பத்து சென் காசு பத்து. சங்கு லிட்டில் இந்தியாவில் பூஜைச் சாமான் கடையில் கிடைக்கும். வலம்புரி தேடி அலைய வேண்டாம், இடம்புரியே போதும். அதைக் கண்ணாடி முன் பிடித்துக் காட்டுங்கள். உள்ளே தெரிவது வலம்புரி. கண்ணாடி எதை மாற்றுகிறது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம், நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு சொல்லும் வீட்டிலேயே தெரியும்.

இப்போது காசிங். மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும்படி விடுங்கள். வலது கை விரல்களை அது சுற்றும் திசையில் மடக்கினால் கட்டைவிரல் மேலே நிற்கும். அதுதான் சுழற்சியின் திசை. பக்கத்தில் பென்சிலை முனை கீழே பார்க்கப் பிடியுங்கள். காசிங் என்பது தானே சிதைந்து எலக்ட்ரான்களை வெளியிடும் கோபால்ட் 60 அணுக்கரு, பென்சில் முனை அதிலிருந்து எலக்ட்ரான்கள் அதிகமாகப் புறப்படும் பக்கம். இது கற்பனை இல்லை. இயற்பியலாளர் சியென் ஷியுங் வூ அம்மையாரும் குழுவினரும் 1956 கடைசியில் கோபால்ட்டைத் தனிச்சுழிக்கு (அதற்குக் கீழே குளிர்விக்கவே முடியாத வெப்பநிலை) மேல் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு வரை குளிர்வித்து, காந்தப்புலத்தால் அணுக்கருக்களை ஒரே பக்கம் திருப்பி நிறுத்திப் பார்த்தார்கள். எலக்ட்ரான்கள் கட்டைவிரலுக்கு எதிர்ப்பக்கமாகவே அதிகம் போயின.

கண்ணாடியைக் காசிங்குக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் காசிங் வலஞ்சுழி, பென்சில் மட்டும் கீழேயே பார்க்கிறது. அந்தச் சுழற்சிக்கு வலது கையை மடக்கினால் கட்டைவிரலும் கீழே. அதாவது கண்ணாடி உலகத்தில் எலக்ட்ரான் கட்டைவிரல் காட்டும் பக்கமே போகிறது. நம் உலகத்தில் அப்படி நடப்பதில்லை. இயற்கைக்கு இடது வலது தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒருமுறை கண்ணாடியை மேசையில் படுக்கவைத்து அதன் மேலேயே காசிங்கை விட்டுவிட்டேன். "டீச்சர், உள்ளேயும் அதே பக்கம்தானே சுத்துது?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டது சரி. சுழற்சி மாறவில்லை, ஆனால் பென்சில் முனை உள்ளே மேல்நோக்கித் திரும்பிவிட்டது. கட்டைவிரலும் மேலே, பென்சிலும் மேலே. கண்ணாடியை எப்படி வைத்தாலும் முடிவு ஒன்றுதான். அன்றிலிருந்து இரண்டு விதமாகவும் செய்துகாட்டுகிறேன். நீங்களும் செய்யுங்கள், அப்போதுதான் விஷயம் முழுசாக இறங்கும்.

இந்தச் சோதனையைச் செய்யத் தூண்டிய கோட்பாட்டு இயற்பியலாளர்கள் லீ, யாங் இருவருக்கும் 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது. வூவுக்குக் கிடைக்கவில்லை. இதை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விடுவதில்லை.

அடுத்தது மின்னூட்டத்தை மாற்றுவது. இதற்குச் சங்கே போதும். நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, மிக இலேசான துகள். அதன் சுழற்சியை இடம்புரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் மட்டும் காட்டினால் வலம்புரி நியூட்ரினோ. அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. கண்ணாடி இல்லாமல் எதிர்த்துகளாக மட்டும் மாற்றினால் இடம்புரி எதிர்நியூட்ரினோ, அதையும் கண்டதில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் வலம்புரி எதிர்நியூட்ரினோ. அது இருக்கிறது! கண்ணாடியும் எதிர்த்துகளும் சேர்ந்தால் சமச்சீர் மீண்டுவிடுகிறது என்று இயற்பியலாளர்கள் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தார்கள். இந்தக் கூட்டுச் சமச்சீரைத்தான் சிபி என்கிறோம். பிள்ளைகளும் இந்த நிம்மதியில் இரண்டு நிமிடமாவது இருக்கட்டும், உடனே கலைத்துவிடாதீர்கள்.

இனிப் பயறு. 499 பயறு எண்ணி, உளுந்தைக் கலந்து, தட்டில் பரப்பித் தேடச் சொல்லுங்கள். கேயான் என்ற துகளில் நீண்ட நேரம் வாழும் வகை ஒன்று உண்டு. சிபி முழுமையாகச் செல்லுபடியானால் அது பையான் என்ற இலேசான துகள்கள் இரண்டாகச் சிதையவே கூடாது. 1964-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் குரோனினும் ஃபிட்சும் குழுவினரோடு பார்த்தபோது, சுமார் 22,700 சிதைவுகளில் 45 அப்படிச் சிதைந்தன. ஐந்நூற்றுக்கு ஒன்று. உளுந்தைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அந்த ஒன்றைத்தான் 'இருக்கவே கூடாது' என்று சொல்லிவைத்திருந்தோம்.

இதே கேயான் பையானோடு சில சமயம் பாசிட்ரானையும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) சில சமயம் எலக்ட்ரானையும் தரும். இரண்டாயிரத்துக்கு 1,003 பாசிட்ரான், 997 எலக்ட்ரான் என்ற கணக்கில். பொருள் எது, எதிர்ப்பொருள் எது என்று இயற்கையே அடையாளம் காட்டும் இடம் இது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த எண்களும் இவைதான். பத்து காசையும் பத்து முறை வீசி நூறு முடிவுகளை எண்ணச் சொல்லுங்கள். 54-46 என்று வந்தால் காசு கோணல் என்று அர்த்தமில்லை, தற்செயலே அவ்வளவு ஆட்டும். அப்படியென்றால் 1,003-க்கும் 997-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்ப எத்தனை முறை வீச வேண்டும்? தற்செயலின் வழக்கமான ஆட்டத்தைப் போல் ஐந்து மடங்காக அது தெரிய வேண்டுமென்றால், சுமார் 28 லட்சம். இதைப் பலகையில் கணக்கிட்டுக் காட்டுங்கள். பெரிய சோதனைக்கூடங்கள் ஏன் வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டே இருக்கின்றன என்பது அப்போதுதான் புரியும்.

எதிர்ப்பொருள் மேல்நோக்கி விழுமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். விழாது. எதிர்ஹைட்ரஜன் கீழேதான் விழுகிறது என்று ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2023-இல் பார்த்துவிட்டார்கள். அதைத் தாண்டி அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம்.

கடைசியாகத்தான் பிரபஞ்சம். தொடக்கத்தில் நூறு கோடி எதிர்த்துகளுக்கு நூறு கோடியே ஒன்று என்ற அளவில் பொருள் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒன்றையொன்று அழித்து ஒளியாகிவிட்டது. அந்த ஒன்றின் மிச்சம்தான் நாம். அது வர சிபி மீறல் கட்டாயம் என்று 1967-இல் சோவியத் இயற்பியலாளர் சாகரோவ் காட்டினார். ஆனால் பிள்ளைகளிடம் நேர்மையாகச் சொல்லுங்கள்: கேயானில் கண்டது, 2001-இல் பி மேசான் என்ற துகளில் கண்டது, 2025-இல் புரோட்டானின் உறவுக்காரத் துகளான லாம்டா-பி-யில் செர்னின் எல்எச்சிபி குழு கண்ட சுமார் 2.45 விழுக்காடு வித்தியாசம், இவை எல்லாவற்றையும் விளக்கும் இன்றைய கோட்பாட்டை வைத்துக் கணக்கிட்டாலும் அந்த ஒன்று வருவதில்லை. மிகமிகக் குறைவாகவே வருகிறது. விடை இன்னும் பாக்கி.

வகுப்பு முடிந்ததும் பயற்றை டப்பாவில் போட்டுவிடுங்கள். உளுந்தைத் தனியே ஒரு தாளில் மடித்து வையுங்கள், அடுத்த வாரம் வருகிற பிள்ளைகளும் தேட வேண்டும்.