பானெட்டுக்குள் குடித்தனம்: தெருவில் வண்டி நிறுத்தும் வடசென்னைக்காரர்களுக்கு

சாவியைப் போடுவதற்கு முன்னால் பானெட்டை உள்ளங்கையால் நாலு தட்டு தட்டுங்கள், ஹாரனை ஒரு தரம் அடியுங்கள், அப்புறம் பத்து எண்ணுகிற நேரம் சும்மா நில்லுங்கள். இதற்கு மேல் படிக்கப் பொறுமை இல்லை என்றால் இதை மட்டுமாவது பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் பூனைக்குப் பஞ்சமே கிடையாது. ராத்திரி மழை பிடித்தால், ஓடி வந்து நின்ற வண்டியின் இன்ஜின் சூட்டுக்கு அடியிலிருந்து ஏறி உள்ளே சுருண்டுகொள்ளும். காலையில் செல்ஃப் அடித்ததும் பெல்ட்டிலோ ஃபேனிலோ மாட்டும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் அதற்கப்புறம் தட்டாமல் வண்டி எடுப்பதில்லை.

தட்டினால் ஓடுகிற பூனையோடு பிரச்சினை முடிந்தது. தட்டினாலும் போகாத ஆட்கள்தான் தலைவலி: எலி, பெருச்சாளி, அணில், உள்ளேயே குட்டி போட்ட பூனை, எலியைத் தேடி வந்த பாம்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்கென்று விற்கும் ஸ்ப்ரே, சத்தம் போடும் கருவி, புகையிலைக் கட்டு எல்லாவற்றையும் விட, வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை நகர்கிறது என்பதுதான் விஷயத்தைத் தீர்மானிக்கிறது. தினமும் ஓடுகிற வண்டியில் எலி வந்து போகும், கடித்துவிட்டும் போகும், ஆனால் கூடு கட்டிக் குட்டி போடுவது அபூர்வம். நாலைந்து நாள் நகராமல், கவர் போட்டு மூடி, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டி என்றால் வெத்தலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்.

நம்ம பக்கம் பாதி வீட்டுக்கு வண்டி நிறுத்த இடம் கிடையாது. தெரு ஓரம்தான், அதுவும் மழைநீர்க் கால்வாய் மூடியின் மேலேயே. பெருச்சாளி வாழ்வது அதற்குள்தான். ஐப்பசி, கார்த்திகையில் கால்வாய் நிரம்பினால் அது மேலே வரும், வந்ததும் முதலில் கிடைக்கிற மேடு உங்கள் டயர். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் மாதிரி தண்ணீர் தேங்குகிற இடங்களில் மழை விட்ட மறுநாள் பானெட்டைத் திறந்து பார்க்காமல் வண்டி எடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்ற மாதிரி தண்ணீர் நின்றால், வண்டி முழுகாவிட்டாலும் பல நாள் அசையாமல் கிடக்கும். எலிக்கு அந்த அவகாசம் போதும்.

எங்கே நிறுத்தக் கூடாது என்பதற்கு என் கணக்கு இது. ராத்திரிக் கடை போடும் தள்ளுவண்டிப் பக்கம் வேண்டாம்; கடை கட்டும்போது மிச்ச நூடுல்ஸும் முட்டை ஓடும் கால்வாய்க்குள்தான் போகும், பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைத் தெருக்களில் பதினோரு மணிக்கு மேல் நின்று பார்த்தால் தெரியும். சௌகார்பேட்டையில் புறாவுக்குத் தானியம் போடும் முனைகள் வேண்டாம். புறா பகலில் தின்ற மிச்சத்தை எலி ராத்திரி தின்கிறது. கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட் ஓரம், மூட்டை இறக்கும் லாரி நிற்கும் தெரு, இதெல்லாம் சிந்தின தானியத்துக்காகவே எலி வளைக்குள் வளை போட்டிருக்கும் இடங்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கேஸில் பிடித்து வருஷக்கணக்காக மக்கிக்கொண்டிருக்கும் வண்டிகளின் பக்கத்திலும் வேண்டாம். அதற்குள் இருப்பவர்களுக்கு உங்கள் வண்டி புது வீடு.

வேறு இடமே இல்லை என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நிறுத்துங்கள், முன்பக்கம் பின்பக்கம் மாற்றியாவது நிறுத்துங்கள். தரை வரை தொங்குகிற கார் கவரை நான் எதிர்ப்பேன்: இருட்டையும் கொடுக்கிறது, கிழித்துக் கூடு கட்டத் துணியையும் கொடுக்கிறது. வண்டிக்குள் இருக்கும் பிஸ்கட் பொட்டலம், குழந்தை சீட்டுக்கு அடியில் சிந்தின மிக்சர், டிக்கியில் மறந்த கருவாட்டுப் பை, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

யார் வந்து போகிறார்கள் என்று கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். ராத்திரி நாலு டயரைச் சுற்றியும் கோலமாவு தூவி வையுங்கள். அரிசிமாவு கூடாது, தின்றுவிட்டுப் போகும், கல்மாவு. காலையில் அடித்தடம் அப்படியே பதிந்திருக்கும், எந்த டயர் வழியாக ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

பானெட்டைத் திறந்தால் கண் போகவேண்டிய இடங்கள்: பேட்டரிக்கும் பக்கச்சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, இன்ஜினுக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில், ஏர் ஃபில்டர் டப்பா, வைப்பருக்குக் கீழே இலை சேரும் பள்ளம், பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெத்தை. மெத்தையில் கடித்துப் பிய்த்த குழி இருந்தால் அந்தப் பஞ்சு பக்கத்தில் எங்கோ கூடாக மாறியிருக்கிறது என்று அர்த்தம். காசிமேட்டில் நின்ற வண்டிகளில் எடுத்த கூட்டைப் பிரித்தால் அந்த ஏரியாவே உள்ளே இருக்கும்: பச்சை நைலான் வலை நூல், பான் மசாலா கவர், பால் பாக்கெட்டின் மூலை, இறால் ஓடு, நடுவில் பானெட் மெத்தையின் சாம்பல் பஞ்சு. எலிப் புழுக்கை அரிசி மாதிரி நீளமாக இருக்கும், பெருச்சாளியுடையது அதைவிடப் பெரிது. பளபளவென்று ஈரமாக இருந்தால் நேற்று ராத்திரி போட்டது, சாம்பல் பூத்து உதிர்ந்தால் பழசு. தேங்காய் நாரும் பஞ்சுமாக உருண்டையாக இருந்தால் அணில். ஏசி போட்டதும் மூத்திர வாடை அடித்தால் கூடு கேபின் ஃபில்டரில் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால்தான், இழுத்துப் பார்த்துவிடலாம்.

எலி என்று உறுதியானால் கூண்டு வையுங்கள். எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும், அதனால் முதல் இரண்டு மூன்று ராத்திரி கதவு விழாதபடி கட்டிவிட்டு, இரையை மட்டும் வைத்துப் பழக்குங்கள், அப்புறம் பொறியை ஏற்றுங்கள். சுவரை ஒட்டி, டயர் பக்கம் வைக்க வேண்டும், நடுத்தெருவில் வைத்தால் சீந்தாது. மசால் வடை எல்லோரும் வைப்பதுதான், நம்ம பக்கத்து எலிக்குக் கருவாடு இன்னும் பொருந்தும். பெருச்சாளிக்குச் சின்னக் கூண்டு செல்லாது, பெரிய கூண்டாகக் கேட்டு வாங்குங்கள். எலி மருந்து வேண்டவே வேண்டாம். தின்றது உடனே சாகாது, திரும்பி வந்து உங்கள் ஏசி புளோயருக்குள் செத்துக் கிடக்கும், அந்த நாற்றத்தோடு புழல் வரை ஓட்டிப் பாருங்கள். செத்த எலியைத் தின்கிற பூனையும் ஆந்தையும் சேர்ந்து போகும், மிஞ்சின எலிக்குத்தான் கொண்டாட்டம். பசை அட்டையும் எனக்குப் பிடிக்காது, அதில் அணிலும் குருவியும் ஒட்டிக்கொண்டு துடிக்கும்.

புகையிலை, பாச்சா உருண்டை, மிளகாய்த்தூள் கரைசல் பற்றிக் கேட்பீர்கள். வாடை இருக்கும் வரை கொஞ்சம் தள்ளி வைக்கும், இன்ஜின் சூட்டிலும் மழையிலும் சில நாளில் போய்விடும். பாச்சா உருண்டையை ஏசிக் காற்று இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் ஆவி வண்டிக்குள் வரும். குழந்தையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். காரத்துக்குப் பலன் உண்டு என்பதற்கு ஒரு சாட்சி சொல்லலாம் என்றால், ஹோண்டா கம்பெனியே மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றை வயரில் சுற்றுவதற்கென்று விற்கிறது. நம் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிக்குக் காசு போடாதீர்கள். எலி அதற்குப் பழகிவிடும், நிற்கிற வண்டியின் பேட்டரிதான் இறங்கும்.

நிஜமாக நிற்பது கம்பி வலைதான். கால் இன்ச் கண்ணி உள்ள இரும்பு வலை, பாரிமுனைச் சந்துகளில் ஹார்டுவேர் கடைகளில் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். சுண்டெலி பென்சில் நுழைகிற ஓட்டையிலேயே நுழைந்துவிடும் என்பதால் பெரிய கண்ணி வாங்கிப் பிரயோஜனமில்லை. மொத்த இன்ஜினையும் மூடப் பார்க்காதீர்கள், சூடு ஏறிவிடும். ஏசிக்குக் காற்று போகும் வாய், ஏர் ஃபில்டருக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய், இந்த இரண்டை மட்டும் மூடிக் கம்பியால் கட்டுங்கள், ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாத மாதிரி. காம்பவுண்டுக்குள் நிறுத்த வாய்ப்பிருந்தால் ராத்திரி பானெட்டைத் திறந்தே வைப்பது நல்ல வழி, இருட்டு போனால் எலிக்கு அங்கே வேலையில்லை. தெருவில் நிறுத்துகிறவர்கள் அப்படிச் செய்தால் காலையில் எலியும் இருக்காது, பேட்டரியும் இருக்காது.

வயர் தோல் எதனால் கடிபடுகிறது என்றால், எலியின் முன்பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். சோயா கலந்த வயர் என்பதால்தான் தின்கிறது என்று ஒரு பேச்சு உண்டு, அமெரிக்காவில் அதை வைத்துக் கார் கம்பெனிகள் மேல் வழக்கே போட்டார்கள். ஆனால் சோயா பேச்சு வருவதற்கு முந்தைய அம்பாசிடர் வயரையும் எலி விட்டுவைக்கவில்லை.

பூனைக்குட்டிகள் இருந்தால் அவசரமே வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், கையை விட்டு இழுக்காதீர்கள். பானெட்டைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், பக்கத்தில் நிழலாக ஒரு அட்டைப்பெட்டியில் பழைய துணி போட்டு வைத்துவிட்டு விலகுங்கள். அந்த இடம் சரியில்லை என்று பட்டால் தாயே ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வி எடுத்துப் போய்விடும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள். மனிதன் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதை நம்பாதீர்கள். ஒரு நாள் பொறுத்தும் தாய் வரவில்லை என்றால் எடுக்கத்தான் வேண்டும். நடக்கிற வயதுக் குட்டி சக்கரத்துக்கு மேல் உள்ள பிளாஸ்டிக் கவருக்குள் போய்க் கத்தினால், சக்கரத்துக்கு அருகில் நெத்திலியை வைத்து, போனில் பூனைக்குட்டிச் சத்தம் போட்டுப் பாருங்கள். வராவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தக் கவரைக் கழற்றச் சொல்லுங்கள், கிளிப்பும் ஸ்க்ரூவும்தான்.

அணில் கூடும் இப்படித்தான். முடி முளைக்காத குஞ்சுகள் இருந்தால் கூட்டைக் கலைக்காமல் அப்படியே ஒரு சின்னப் பெட்டிக்கு மாற்றி, வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்து மரத்திலோ சுவரிலோ பூனைக்கு எட்டாமல் கட்டுங்கள், தாய் வந்து எடுத்துக்கொள்ளும். கூடு காலியாகிவிட்டது என்றாலும் நாரை உள்ளேயே விட்டுவிட்டு ஓட்டாதீர்கள். சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தில் காய்ந்த நார் பட்டால் தீப்பிடிக்கும்.

பாம்பு என்றால் நீங்கள் செய்ய வேண்டியது விலகி நிற்பது மட்டும். மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் ஏரி, உப்பங்கழி ஓரம் நிற்கும் வண்டிகளில் வருவது பெரும்பாலும் சாரைதான், ஆனால் சாரை என்று முடிவு கட்டுவது உங்கள் வேலை இல்லை. ஸ்கூட்டர்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முன்பக்க ஷீல்டுக்குள் பாம்பு புகுந்துகொள்வது நடக்கிற விஷயம்தான். குச்சியால் குத்துவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஸ்டார்ட் செய்து விரட்டுவது எதுவும் வேண்டாம். எங்கே போகிறது என்று தூரத்திலிருந்து ஒருவர் கண் வைத்திருக்கட்டும், இன்னொருவர் 101-க்குத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடட்டும். அடிப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. கடித்துவிட்டால் 108, நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரி. கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கடிபட்ட கை காலை அசைக்க விடாதீர்கள்.

கூட்டை எடுத்துச் சுத்தம் செய்யும்போது ரப்பர் கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தில்தான் இருக்கிறது, கையில் சின்னக் காயம் போதும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காய்ந்ததை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, ஈரத்துணியால் வழித்தெடுத்துக் கவரில் கட்டிப் போடுங்கள். வயர் கனெக்டர் மேல் அந்தத் தண்ணீர் படக்கூடாது, வாட்டர் வாஷ் பிரஷரும் அடிக்கக்கூடாது. அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடுமையான உடம்பு வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் எலிக்கூடு எடுத்த கதையையும் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.

கடிபட்ட வயரின் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி அனுப்புகிற கடைக்குப் போகாதீர்கள். சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, மேலே வரிவரியான பிளாஸ்டிக் குழாய் மாட்டச் சொல்லுங்கள். பிரேக் பக்கத்து சென்சார் வயர்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன்பே கூடு, புழுக்கை, கடித்த வயர் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் எதுவும் கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் என்றால் எலிக்கடி சேருமா என்று வேலையைத் தொடங்குவதற்கு முன் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்த கால்வாய் மூடி வாசலில் இருந்தால் 1913-க்குப் புகார் போட்டு நம்பரை எழுதி வையுங்கள், அதே தெருவில் வண்டி நிறுத்துகிற நாலு பேரையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள்.