அல்ட்ராவைடு வாங்கும் முன் சிபியுவின் பின்பக்கத்தைப் பாருங்கள்

சமீபத்தில் மூன்று பேர் ஒரே குறையோடு வந்தார்கள். 34 இன்ச் அல்ட்ராவைடு (வழக்கத்தைவிட அகலமான) மானிட்டரைப் பழைய டெஸ்க்டாப்பில் மாட்டினால் படம் அகலவாக்கில் இழுத்துத் தெரிகிறது, மானிட்டர் பழுதோ என்று. மானிட்டரில் ஒரு கோளாறும் இல்லை, அதன் அகலத்துக்கேற்ற படத்தை கம்ப்யூட்டர் அனுப்பவில்லை. பின்பக்கத் துளைகளைக் கவனிக்காத, நான் முன்பு செய்த அதே தவறுதான். டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பணம் வீணாகும் இடங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எல்லா ஹெச்டிஎம்ஐயும் ஒன்றுதான் என்று நம்புவது

என்னுடையது டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் 9020 என்ற அலுவலக டெஸ்க்டாப், பிராசசர் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5. மானிட்டர் 3440×1440. அதாவது சாதாரண ஃபுல் ஹெச்டி திரையைப் போல கிட்டத்தட்ட 2.4 மடங்கு புள்ளிகள். கடையில் கேட்டேன். "ஹெச்டிஎம்ஐ இருக்கு சார், ஓடும்" என்று விலை மலிவான ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்தார்கள். ஓடியது, ஆனால் 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் புதுப்பிக்கப்படும். மவுஸை நகர்த்தினால் அம்பு விட்டு விட்டுத் தாவும். ஒரு பக்கத்தை மேலே தள்ளினால் எழுத்துகள் நடுங்கும். இரண்டு நாளில் கண் வலி வந்துவிட்டது.

காரணம், அந்தக் கார்டில் இருந்தது ஹெச்டிஎம்ஐ 1.4. இந்தத் திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டுவது அதன் எல்லையைத் தொடும் வேலை. அதனால் பல மானிட்டர்கள் அந்த வழியில் 50-ஐத் தாண்டுவதில்லை, சில 30-லேயே நின்றுவிடும். 2.0 என்றால் 60 தாராளமாக வரும். துளை இரண்டிலும் ஒரே வடிவம்தான், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கார்டின் விவரப் பக்கத்தில்தான் தேட வேண்டும்.

இன்றும் எனக்கு ஆறாதது வேறு. அந்தக் கார்டே தேவைப்பட்டிருக்கவில்லை! 9020-இன் பின்னால் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் (ஹெச்டிஎம்ஐ போல மானிட்டருக்குப் படம் அனுப்பும் இன்னொரு வகை) துளைகள் இருக்கின்றன. நான்காம் தலைமுறை ஐ5-இன் உள்ளமைந்த கிராபிக்ஸ், அந்த வழியாக 3840×2160-ஐயே 60 ஹெர்ட்ஸில் கொடுக்கும். ஒரு கேபிள் வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். அலுவலக வேலைக்கும் படம் பார்க்கவும் அதுவே போதும். மூன்றாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ என்றால், சரி, கார்டு வாங்கத்தான் வேண்டும். கேம் ஆடுபவர்களுக்கும் அப்படித்தான்.

எஸ்.எம்.பி.எஸ்-ஐ (பவர் சப்ளையை) பார்க்காமல் கார்டு வாங்குவது

அலுவலக டெஸ்க்டாப்புகளில் தனி பவர் ஒயர் கேட்கும் கார்டைத் தவிர்த்துவிடுங்கள். சப்ளையை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், 9020-இல் மதர்போர்டு கனெக்டர் 8 பின், கடையில் கிடைக்கும் 24 பின் சப்ளை நேராகப் பொருந்தாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போல 75 வாட்டில் அடங்கும் கார்டுகளில், ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மாடலாகப் பாருங்கள். ஒல்லியான கேபினட் என்றால் உயரம் குறைந்த மாடலாக வேண்டும்.

கன்வெர்ட்டரைத் திருப்பி மாட்டுவது

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண கன்வெர்ட்டர் எதிர்த்திசையில், அதாவது சிபியுவின் ஹெச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு, வேலை செய்யாது.

கார்டு போட்ட பிறகும் கேபிளை மதர்போர்டின் துளையிலேயே விடுவது

கார்டின் துளைக்கு மாற்றுங்கள்.

படம் வந்ததும் விட்டுவிடுவது

விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 3440×1440-ம் 60 ஹெர்ட்ஸும் இருக்கின்றனவா பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டியும் 60 வரவில்லையென்றால் மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போங்கள். சிலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் 1.1 என்று வைத்திருப்பார்கள், அதை 1.2-க்கு மாற்ற வேண்டும். வந்த மூவரில் ஒருவருக்குச் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.