சின்ன நீராவிப் படகில் எஞ்சின் ஆர்டர் டெலிகிராஃப் பொருத்துவது எப்படி

எஞ்சின் ஆர்டர் டெலிகிராஃப் என்பது சுக்கான் பிடிப்பவரின் ஆர்டரை எஞ்சின்காரருக்குச் சொல்லும் கருவி, எஞ்சினை ஓட்டும் கருவி இல்லை. எங்கள் படகில் இதைப் பொருத்திய போட்டோவைப் பார்த்த பாதிப் பேர் "கைப்பிடியைத் தள்ளினால் படகு கிளம்பிடுமா?" என்று கேட்டதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுக்கான் பிடிப்பவர் கைப்பிடியை "மெது பின்" என்ற இடத்துக்குத் தள்ளினால் எஞ்சின் பக்கத்து டயலில் முள் அதே இடத்துக்குப் போகும், மணி அடிக்கும். எஞ்சின்காரர் தன் கைப்பிடியை அங்கே கொண்டுபோய்ப் பதில் சொல்வார். அந்தப் பதில் சுக்கான் பக்கத்து டயலில் இன்னொரு முள்ளாகத் தெரியும். அதற்கப்புறம் வால்வைத் தொடுவது அவர் வேலை. லிவர்பூல் சாட்பர்ன் கம்பெனியின் டெலிகிராஃப்கள் அவ்வளவு பரவியதால், கப்பல்காரர்கள் பலர் இதையே சாட்பர்ன் என்பார்கள்.

இருபது அடிப் படகுக்கு இது தேவையா? தனியாக ஓட்டுபவருக்குத் தேவையில்லை. எங்கள் படகு ஓடுவது சேலம் மாவட்டப் பூலாம்பட்டிப் பக்கம், கதவணை தேக்கி வைத்திருக்கும் காவிரியில். எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய்வரும் விசைப்படகு குறுக்கே வரும். சுக்கான் முன்னால், பாய்லர் நடுவில், எஞ்சின் அதற்கும் பின்னால். சேஃப்டி வால்வு ஊதும் நேரத்தில் "பின்னாடி, பின்னாடி" என்று கத்தினால் ஒன்றும் கேட்காது.

வாங்க வேண்டியவை

குஜராத் அலங்கில் கப்பல் உடைக்கும் இடத்திலிருந்து வரும் பழைய பித்தளை டெலிகிராஃப் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சின்னப் படகுக்கு அது பாரம். லேத்தில் கடைந்துகொள்வதே நல்லது. கோவையில் கணபதி, சிங்காநல்லூர் பக்கம் பட்டறைக்கா பஞ்சம்?

இரண்டு பெட்டிக்கும் ஒரே அமைப்பு: கைப்பிடி ஒரு குழாய் ஷாஃப்டில், முள் அதற்குள்ளே ஓடும் தனி ஷாஃப்டில். ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஒரு 18 பல் சைக்கிள் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்). ஆக மொத்தம் நான்கு, நான்கும் ஒரே அளவு. ஒரு கம்பிச் சுற்று ஆர்டருக்கு, இன்னொன்று பதிலுக்கு.

டயலில் ஏழு இடம் போதும்: முழு, பாதி, மெது முன்பக்கம் மூன்று, பின்பக்கம் மூன்று, நடுவில் "நில்". ஒவ்வொன்றுக்கும் 30 டிகிரி. பெரிய கப்பலில் இருக்கும் "எஞ்சின் வேலை முடிந்தது" எல்லாம் இங்கே வெறும் அலங்காரம்.

ஸ்பிராக்கெட்டைச் சுற்றி அரை இஞ்ச் பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி அரை இஞ்ச்) செயின், 24 கண்ணி. மீதி தூரம் முழுக்க 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வயர் ரோப். கடையில் 7x19 (ஏழு புரி, ஒவ்வொன்றிலும் 19 இழை) என்று கேளுங்கள். 7x7 கொடுத்தால் வாங்காதீர்கள், கப்பியில் வளைய அடம் பிடிக்கும். கப்பி 60 மி.மீ.க்குக் குறையக்கூடாது. முனைகளைச் செம்பு ஸ்லீவ் போட்டு நசுக்குங்கள். யு கிளிப் எனக்குப் பிடிக்காது, போகிற வழியில் எதிலாவது மாட்டும்.

செயின் நீளம்

18 பல் என்றால் சுற்றளவு சுமார் 229 மி.மீ. 30 டிகிரிக்கு 19 மி.மீ. நகரும். "நில்"லிலிருந்து "முழு" வரை 57 மி.மீ. ஆகவே கைப்பிடியை "நில்"லில் வைத்து, செயின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி மாட்டுங்கள். செயினும் கம்பியும் சேரும் இடம் ஸ்பிராக்கெட் பல்லையோ கப்பியையோ தொடவே கூடாது.

கம்பியைக் கொண்டுபோவது: இங்கேதான் நிதானம் வேண்டும்

இரண்டு பெட்டியையும் கைப்பிடி படகின் நீளவாக்கில் ஆடும்படி நிறுத்துங்கள். முன்னால் தள்ளினால் முன். ஒவ்வொரு ஸ்பிராக்கெட்டிலிருந்தும் இரண்டு கம்பி கீழே இறங்கும்: ஒன்று அணியப் (படகின் முன்முனை) பக்கம், ஒன்று பின்பக்கம். தளத்துக்கு அடியில் கப்பியில் திரும்பி, எஞ்சின் பெட்டிக்குக் கீழே போய் மறுபடி மேலே ஏறும்.

முன் கம்பியை முன் கம்பியோடுதானே சேர்க்கணும் என்று கை தானாகப் போகும். கூடாது. சுக்கான் பெட்டியின் பின் கம்பிதான் எஞ்சின் பெட்டியின் முன் கம்பியாக ஏற வேண்டும். கைப்பிடியை முன்னால் தள்ளினால் பின் கம்பி மேலே இழுபடும். அது எஞ்சின் பெட்டியின் முன் கம்பியைக் கீழே இழுத்தால்தான் அங்கேயும் முள் முன்னால் சாயும். அந்தக் கம்பிக்கு இரண்டு முனையிலும் சிவப்பு டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இதில் ஒரு விஷமம் உண்டு. ஆர்டர், பதில் இரண்டையும் ஒரே மாதிரி தவறாகக் கோர்த்துவிட்டால் முன்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. நீங்கள் "மெது பின்" என்பீர்கள். எஞ்சினில் "மெது முன்" காட்டும். அவர் அதையே பதிலாகச் சொல்வார். அந்தப் பதில் திரும்பவும் தலைகீழாகி, உங்கள் டயலில் அழகாக "மெது பின்" என்று வந்து நிற்கும். "நில்" நடுவில் இருப்பதால் அதுவும் சரியாகவே இருக்கும். முள் பொருந்துகிறது என்பது சாட்சியே இல்லை. படகைத் துறையில் கட்டிவிட்டு, இரண்டு முனையிலும் ஆள் நின்று போனில் பேசி ஏழு இடத்தையும் பாருங்கள்.

"அண்ணா, இப்ப என்ன காட்டுது?"

"பாதி பின்னுங்க தம்பி."

இப்படி ஒவ்வொன்றாக.

எஞ்சின்காரர் டயலை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவராக இருந்தால், கடிகாரத்தைப் பின்னாலிருந்து பார்ப்பது போல இடம் வலம் மாறும். அதற்காகக் கம்பியைக் குறுக்கே மாற்றாதீர்கள். அந்த டயலின் எழுத்துகளை மட்டும் இடம் மாற்றி வெட்டுங்கள். "முன்" எப்போதும் அணியத்தைப் பார்த்தே இருக்கணும்.

கம்பி இறுக்கம்

ஒவ்வொரு கம்பியிலும் நேரான பகுதியில் ஒரு டர்ன்பக்கிள் (திருகிக் கம்பியை இறுக்கும் இணைப்பு), லாக் நட்டோடு. அது 57 மி.மீ. அங்கும் இங்கும் நகர இடம் விடுங்கள். பாய்லரிலிருந்து கம்பியை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். 4 மீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி 40 டிகிரி சூடேறினால் சுமார் 2.7 மி.மீ. நீளும், அதுவே முள்ளில் நான்கு டிகிரி. அதனால் குளிர்ந்த படகில் இறுக்கிவிட்டுப் போகாமல், ஆவி ஏறிய பிறகு ஒருமுறை பாருங்கள். புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் தானாகவும் கொஞ்சம் தளரும்.

மணிக்கு முள் ஷாஃப்டில் ஆணி அடித்த தட்டு, அது தூக்கிவிடும் சுத்தி, வெண்கலக் கிண்ணம். சைக்கிள் பெல் எஞ்சின் சத்தத்தில் எடுபடாது.

பின்சேர்க்கை

சைக்கிள் பிரேக் கேபிள் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரே வளைவு, இரண்டு மீட்டருக்குள் என்றால் ஓடும். வளைவு கூடினால் உறைக்குள் உராய்ந்து முள் பின்தங்கும், "மெது"வுக்கும் "பாதி"க்கும் நடுவில் நின்றுகொள்ளும்.

இன்னொருவர் படகில் கம்பி கப்பியை விட்டுத் துள்ளிவிட்டதாம். கொட்டாங்குச்சி போட்டு எரிக்கிறார், சாம்பலும் நாரும் தளத்துக்கு அடியில் இறங்கிக் கப்பிப் பள்ளத்தில் அடைத்திருக்கிறது. ஒவ்வொரு கப்பிக்கும் மேலே ஒரு தடுப்பு ஆணி வையுங்கள், கம்பிக்கும் ஆணிக்கும் இடைவெளி 1 மி.மீ. போதும். தளத்துப் பலகையில் அந்த இடத்தை மட்டும் திருகாணியில் கழற்றும்படி விடுங்கள். கிரீஸ் வேண்டாம், சாம்பல் ஒட்டும். புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.